பிளக் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது?

திருச்சி தில்லை நகர் கிராஸ் வீதிகளில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து போகிறவர்கள் ஒரு புதுக் காட்சியைப் பார்க்கலாம். பங்களாவின் போர்டிகோவில் பளபளவென்று ஒரு மோட்டார் கார் நிற்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி, அதில் பச்சை விளக்கு. பெட்டியிலிருந்து தடித்த கேபிள் ஒன்று காரின் விலாவில் போய்ச் செருகியிருக்கிறது. ராத்திரி செருகிவிட்டு எஜமானர் தூங்கப் போகிறார். காலையில் எழுந்து பார்த்தால் காருக்கு வயிறு நிறைந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்க வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை.

நல்ல காரியம். இதில் நமக்குப் பொறாமை எதுவும் கிடையாது.

அதே ராத்திரி, காவேரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் கீழவாசல் பக்கம் ஓர் ஒட்டுக் குடித்தன வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், கடன் வாங்கி, இன்னொருவர் ஓட்டி விற்ற மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாக தினமும் போய் வருகிறவர். பெட்ரோல் செலவு தாங்காமல்தான் வாங்கினார். வண்டியை வாசலில் நிறுத்தி, வயரை எடுத்துப் பிளக்கைத் தேடும்போது வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“தம்பி, லைட்டுப் போட்டுக்கோ, ஃபேன் போட்டுக்கோ. வண்டிக்கெல்லாம் நம்ம லைன்ல போடக் கூடாது.”

“யூனிட்டுக்கு உண்டானதைக் கொடுத்துடறேன் ஐயா.”

“காசு இல்ல தம்பி விஷயம். வேணாம்னா வேணாம்.”

அவ்வளவுதான். அன்று முதல் அந்தத் தோழர் ஒரு சைக்கிள் கடையில் ஒரு தடவைக்கு இருபது ரூபாய் கொடுத்து சார்ஜ் போடுகிறார். கடை இரவு ஒன்பதுக்கு மூடிவிடும். இரண்டாவது ஷிப்டு முடிந்து வருகிற நாளில் கடை இல்லை, சார்ஜும் இல்லை. மறுநாள் வேலைக்குப் பஸ்.

மின்சார வண்டியைப் பற்றிப் பத்திரிகைகள் எவ்வளவோ எழுதுகின்றன. எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை மணியில் நிறையும், எந்தக் கம்பெனியின் பெட்டி சுவருக்கு அழகு என்றெல்லாம் விவரிக்கின்றன. சுவர் யாருடையது என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. வண்டியை விடச் சுவர்தான் இங்கே பெரிய விஷயம் என்பது நமது அபிப்பிராயம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தொழிலாளி வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் ஓட்டுகிறார், மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 625 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,250 ரூபாய் புகையாகப் போகிறது.

மின்சார ஸ்கூட்டருக்கு? சாதாரணமாக ஒரு யூனிட் கரண்டுக்கு 25 கிலோமீட்டர் குறையாமல் ஓடும். ஆக மாதம் 25 யூனிட். 2024 ஜூலையில் அறிவித்த விகிதப்படி வீட்டு உபயோகத்தில் 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. அந்த விலையிலேயே போட்டாலும் 120 ரூபாய்தான்! வாடகை வீடுகளில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் பிடுங்குகிறார்களே, அந்த அநியாய விலையில் போட்டால்கூட 250 ரூபாய்தான் ஆகிறது. ஆயிரம் ரூபாய் மிச்சம். ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் அது ஒரு மூட்டை அரிசியின் கணிசமான பாகம்.

இன்னொரு விஷயம். 2016-ம் ஆண்டிலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நமது தொழிலாளியின் வண்டி இரண்டு மாதத்தில் குடிப்பது 50 யூனிட். தன் பெயரில் மீட்டர் உள்ளவனுக்கு அந்த இலவசத்திலேயே பாதியில் வண்டி அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருக்கும் வீட்டில் அந்த 100 யூனிட் யாருக்குப் போகிறது? குடித்தனக்காரன் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்கிறான். இலவசம் வீட்டுக்காரர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதைக் காட்டி “இலவசத்தையே ரத்து செய்” என்று கூப்பாடு போடும் மேதைகள் இருக்கிறார்கள். நாம் அந்தக் கட்சியில் இல்லை. இலவசம் யாருக்கென்று கொடுக்கப்பட்டதோ அவன் மீட்டருக்கே அது போய்ச் சேர வேண்டும் என்கிறோம்.

வண்டியின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. புது மின்சார ஸ்கூட்டர் ஒன்று லட்ச ரூபாயைச் சுற்றி நிற்கிறது. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு ஸ்கூட்டர் என்பது விவசாயத் தொழிலாளியின் முந்நூறு நாள் கூலி. கடனுக்கு வட்டி வேறு. பேட்டரி தேய்ந்துவிட்டால் புதிது போடும் செலவு வண்டி விலையில் பெரும் பங்கை விழுங்கும். பழைய வண்டி வாங்கும் தோழர்கள் பேட்டரிக்கு இன்னும் எத்தனை காலம் கம்பெனி உத்தரவாதம் இருக்கிறது என்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது.

வீட்டுக்காரர் சொன்னதில் பாதி

கீழவாசல் வீட்டுக்காரரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுவோம்.

2022 மார்ச் மாதம் வேலூரில் நடந்தது நினைவிருக்கலாம். புதிதாக வாங்கிய மின்சார வண்டியை வீட்டில் இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். வண்டி தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது. தகப்பனும் பதிமூன்று வயது மகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் மத்திய சர்க்கார் பேட்டரிகளுக்கான பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கிற்று. உயிர் போன பிறகு விதி வருவது நம் நாட்டில் புதிதல்ல.

ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளை எடுத்துக் கொள்ளுங்கள். உத்திர வீதியானாலும் சித்திரை வீதியானாலும் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். நீண்ட ரேழி, அதைத் தாண்டி முற்றம், அப்புறம் பின்கட்டு. பின்கட்டில் குடியிருக்கிறவன் வெளியே வர ரேழி ஒன்றுதான் வழி. அந்த ரேழியில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீட்டி, ஐந்து ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுதும் போட்டு வைத்தால் என்ன ஆகும்? நாற்பது வருஷத்துக்கு முன் இரண்டு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் இழுத்த வயர் அது. எர்த் என்பது சுவிட்ச் போர்டில் ஓட்டையாக மட்டும் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. தீ பிடித்தால் வண்டி எரிவது வெளியே போகும் ஒரே வழியில்.

ஆகவே வண்டி வைத்திருக்கும் தோழர்கள் சில காரியங்களைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். மீட்டர் போர்டிலிருந்து வண்டிக்கென்று தனி லைன் இழுத்து, 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு இரண்டரை ஸ்கொயர் தாமிர வயர் போதும். அதில் ஒரு எம்.சி.பி., அத்துடன் 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுந்துவிடுகிற ஆர்.சி.சி.பி. இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று வயரைக் காப்பாற்றுகிறது. மற்றொன்று ஆளைக் காப்பாற்றுகிறது. எர்த் குழி உண்மையில் வேலை செய்கிறதா என்று லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு மலிவுச் சார்ஜர் வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல் அரைமணி நேரம் ஆற விடுங்கள். மாடிப்படியின் கீழும் வாசற்படிக்கு நேரேயும் தூங்கும் அறையிலும் போடாதீர்கள். பேட்டரியில் புகை கண்டால் அதை அணைக்க முயன்று நேரம் கடத்தாமல் வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். உள்ளே எரிவது லித்தியம் பேட்டரி, ஒரு குடம் தண்ணீரில் அடங்கிவிடாது.

இத்தனைக்கும் ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். இங்கேதான் பிரச்சினை வருகிறது. அந்தச் செலவு யாருடையது? வீடு என்னுடையதல்ல, நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று குடித்தனக்காரன் கேட்கிறான். வண்டி என்னுடையதல்ல, நான் ஏன் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வருகிறது. வேலூரில் நடந்தது எங்கும் நடக்கலாம்.

யாருக்குச் சலுகை?

தில்லை நகர் போர்டிகோவுக்குத் திரும்புவோம். அந்தக் கார் சொந்தப் பணத்தில் மட்டும் அங்கே வந்து நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சார்ஜருக்கும் 18-லிருந்து 5. மின்சாரக் கார் வாங்கக் கடன் வாங்கியவர்கள், 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதியான கடன்களுக்கு, வருஷம் ஒன்றரை லட்ச ரூபாய் வரை வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக் கொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். தமிழ்நாட்டில் சாலை வரியும் விலக்கு.

இந்தக் காலத்தில் நமது மிதிவண்டிக்கு என்ன வரி தெரியுமா? 12 சதவீதம்! 2025 செப்டம்பர் 22-ல்தான் அதை 5 சதவீதமாக்கினார்கள். ஆறு வருஷம், கோடி ரூபாய் மின்சாரக் காருக்கு ஐந்து, பஞ்சாலைத் தொழிலாளியின் சைக்கிளுக்குப் பன்னிரண்டு. சைக்கிளைப் போல் புகை இல்லாத வண்டி உலகத்தில் வேறு உண்டா? சுற்றுச்சூழலுக்காகத்தான் இந்தச் சலுகை என்று சொன்ன மந்திரிகளுக்கு அந்த ஆறு வருஷமும் சைக்கிள் கண்ணில் படவில்லை.

விதிகளும் இப்படித்தான். சொந்த மின் இணைப்பிலேயே வீட்டில் வண்டியைச் சார்ஜ் செய்து கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொல்லிற்று. சார்ஜ் செய்வதற்கென்றே தனி இணைப்புக் கேட்டு வாங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். புதுக் கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019-ல் மாதிரிக் கட்டட விதியைத் திருத்தினார்கள். எல்லாம் சரி. வீடு இருப்பவன், கார் நிறுத்த இடம் இருப்பவன், புது ஃபிளாட் வாங்குகிறவன் என்று எல்லோரையும் நினைத்திருக்கிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவன் என்ற பிரஜை ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில்கூட, குடித்தனக்காரர் தம் செலவில் சார்ஜர் வைக்கிறேன் என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் வீட்டுக்காரர் மறுக்க முடியாது என்று பத்து வருஷத்துக்கு முன்பே சட்டம் செய்துவிட்டார்கள்.

சரி, கிராமத்துக்குப் போவோம். லால்குடி, அந்தநல்லூர் பக்கத்து விவசாயத் தொழிலாளி காவேரிக் கரையின் வாழைக் கொல்லையில் தார் சுமக்கிறவன். அவன் குடிசைக்கு ஒரு விளக்கு இணைப்பு இருந்தால் உண்டு. புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடிசை போட்டிருந்தால் அதற்கும் அலைச்சல். ஒரு பல்பு எரிவதற்குக் கொடுத்த கம்பியில் வண்டியைச் செருக முடியாது. பக்கத்திலேயே மிராசுதாரின் பம்ப்செட் கொட்டகையில் மும்முனை மின்சாரம் இலவசமாக ஓடுகிறது. அங்கே கொண்டு போய்ச் செருகலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். செருகாதீர்கள். விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்கு உபயோகித்தால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் விதிப்பார்கள். பில் வருவது மிராசுதார் பெயரில், அதைக் கூலியில் பிடித்துக் கொள்வது யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை.

டிரான்ஸ்பார்மரும் லைன்மேனும்

காருக்கென்று சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் சுமார் ஏழு கிலோவாட் இழுக்கும். நமது விவசாயத் தோழர்களுக்குப் புரியும்படி சொன்னால் ஏறக்குறையப் பத்துக் குதிரை சக்தி மோட்டார். ஒரு வீதியில் பத்து வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே சமயத்தில் பத்துக் குதிரை மோட்டார்கள் பத்து ஓடினால் எப்படியிருக்கும்? நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றின் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வீதியின் கடைசியில் இருக்கும் குடிசை மாற்று வாரிய வீட்டில் பல்பு மின்மினிப் பூச்சியாகிவிடும். சார்ஜருக்கு விண்ணப்பம் போட்டு, கூடுதல் லோடு வாங்கி, மும்முனை இணைப்புக்குப் பணம் கட்டி முறைப்படி வைக்கிறவர்களால் பெரிய தொல்லை இல்லை. வாரியமும் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கிக் கொள்ள முடியும். இரண்டு கிலோவாட் லோடைக் கணக்கில் வைத்துக் கொண்டு ஏழு கிலோவாட் இழுக்கிற கனவான்களால்தான் ஃபியூஸ் போகிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் கம்பம் ஏறுகிறவர் அந்தக் கனவானல்ல.

அந்தக் கம்பம் ஏறும் தோழனின் நிலை என்ன? மின்வாரியத்தில் களப்பணி இடங்கள் ஏராளமாகக் காலியாகக் கிடக்கின்றன. 2021-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேங்மேனாக எடுத்தார்கள். அவர்கள் கள உதவியாளர் பதவி கேட்டுப் போராடி வருகிறார்கள். வருஷக்கணக்காக ஒப்பந்தத் தொழிலாளியாகவே கம்பம் ஏறி மின்சாரம் தாக்கிச் செத்தவர்கள் உண்டு. நாடு முழுவதும் மின்சார வண்டி என்று முழங்குகிறவர்கள் அதைத் தாங்கும் கம்பிக்கு ஆள் போடுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மின்சாரம் இந்த நாட்டில் எப்படிப் பரவிற்று என்பதை இளம் தோழர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். பைகாரா 1932-ல் வந்தது, மேட்டூர் 1937-ல். நகரங்களில் விநியோகம் பெரும்பாலும் தனியார் கம்பெனிகள் கையில் இருந்தது. கம்பெனிக்காரன் காசு கொடுக்கும் வீதிக்குக் கம்பம் நட்டான், கிராமத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1957 ஜூலை 1-ந் தேதி மின்சார வாரியம் பொதுத்துறையில் அமைந்த பிறகு வயலுக்கும் சேரிக்கும் கம்பி பெருமளவில் ஓடிற்று. 1920-லேயே, உள்நாட்டு யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த ருஷ்யாவில், முப்பது மின் நிலையங்களுக்குத் திட்டம் போட்டார் லெனின். ஒரு நாட்டின் மின்சாரத்தை மொத்தமாகத் திட்டம் போட முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியது அது. நமது திருவெறும்பூரில் 1965-ல் செக்கோஸ்லோவாகிய உதவியுடன் எழுந்த பாய்லர் தொழிற்சாலை அதே வழியில் வந்ததுதான். நாட்டின் அனல் மின் நிலையங்களில் கொதிக்கும் பாய்லர்களில் பெரும் பங்கு திருச்சித் தொழிலாளியின் கையால் பற்றவைக்கப்பட்டவை. தில்லை நகர் காரில் ஏறும் மின்சாரத்தில் அந்தப் பற்றவைப்பும் இருக்கிறது.

இப்பொழுது சார்ஜிங் நிலையம் என்ற பெயரில் பழைய கதை திரும்ப வருகிறது. எங்கே வைக்கிறார்கள்? நெடுஞ்சாலை ஹோட்டல்களிலும் பெரிய கடைகளின் வாகன நிறுத்தங்களிலும். கார்க்காரர் காப்பி குடிக்கும் இடம் அது. மத்திய சர்க்காரின் 2024-ம் ஆண்டு பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மொத்தம் 10,900 கோடி ரூபாய், அதில் பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. அரியமங்கலத்துக்கும் பாலக்கரைக்கும் வரகனேரிக்கும் அதில் எத்தனை கோடி?

கேரளத்தைப் பாருங்கள். இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் காலத்தில், 2021-ல், கோழிக்கோட்டில் மின்வாரியம் ஒரு காரியம் செய்தது. தெருவில் ஏற்கெனவே நிற்கும் மின்கம்பத்திலேயே சிறு சார்ஜிங் பெட்டியை மாட்டிவிட்டார்கள். ஆட்டோக்காரர் கம்பத்தருகே நிறுத்தி, போன் மூலம் காசு கட்டி, சார்ஜ் போட்டுக் கொள்ளலாம். பிறகு மாநிலம் முழுதும் ஆயிரத்துக்கு மேல் மாட்டினார்கள். லண்டன் நகரத்திலும் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லாதவர்களுக்காகத் தெருவிளக்குக் கம்பங்களில் பிளக் வைத்திருக்கிறார்கள். கம்பம் பொதுச் சொத்து. அதற்கு வீட்டுக்காரர் கிடையாது. பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது, மழையில் நனைந்து பழுதானால் மறுநாளே சரி செய்ய ஆள் வேண்டும். அதனால்தான் லைன்மேனைப் பற்றி மேலே சொன்னோம்.

தமிழ்நாட்டில் 2024-ல் வாரியத்தைப் பிரித்தபோது உண்டான பசுமை எரிசக்திக் கழகத்திடம் சார்ஜிங் நிலையங்களைப் பெருக்கும் பொறுப்பு இருக்கிறது. அந்தக் கழகத்தை நாம் கேட்கிறோம்: ஸ்ரீரங்கம் கீழவாசலிலும், பாலக்கரை ஆட்டோ ஸ்டாண்டிலும், மண்ணச்சநல்லூர் கடைவீதியிலும், லால்குடி காலனி முனையிலும் கம்பத்துக்கு ஒரு பிளக் மாட்ட எத்தனை நாள் ஆகும்? வீட்டு உபயோக விலையிலேயே அதைக் கொடுப்பதில் என்ன தடை? தனியார் கம்பெனிக்கு டெண்டர் விடாமல், 2025 ஜூன் மாதம் சென்னை வியாசர்பாடியில் 120 மின்சாரப் பஸ்களை ஓட்டும் வேலையைக் கம்பெனிக்குக் கொடுத்ததைப் போல் கொடுத்துவிடாமல், வாரியமே செய்ய வேண்டும்.

ஆலை முதலாளிகளிடமும் ஒரு கோரிக்கை உண்டு. நாள் முழுதும் நூற்றுக்கணக்கான குதிரை சக்தி மோட்டார் ஓடும் ஆலையில், எட்டு மணி நேரம் தொழிலாளியின் வண்டி ஸ்டாண்டில் சும்மா நிற்கிறது. அந்த ஸ்டாண்டுக்குக் கூரையும், எர்த்தோடு பத்துப் பிளக்கும் வைத்தால் வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டியதே இல்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து தொழிலாளி எழுந்து வந்து சார்ஜைப் பார்த்துக் கொள்ளலாம், ராத்திரி தூக்கத்தில் வண்டி எரியும் பயமும் இல்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கான்டீன் வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிற்று. முதலாளி தாமாக இரங்கி வந்து சமையல் அறை கட்டியதல்ல அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1946 செப்டம்பர் 5-ந் தேதி, பொன்மலையில் ரயில்வேத் தொழிலாளிகள் ஐந்து பேர் குண்டுக்குப் பலியான நாட்களில் எழுந்த கோரிக்கைகளுக்குப் பிறகு வந்த சட்டம் அது. பஞ்சாலை, அரிசி ஆலை, துவாக்குடி பட்டறைகள் எங்கும் சங்கத் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கும் படிக்கும் அடுத்தபடியாக இந்த ஸ்டாண்டுப் பிளக்கையும் எழுதிச் சேர்க்கலாம்.

வீட்டுக்காரர் விஷயத்துக்குத் தமிழ்நாடு சர்க்கார் ஒரு விதி செய்ய வேண்டும். குடித்தனக்காரன் லைசென்ஸ் வயர்மேனை வைத்து, தனி லைன், எர்த், ஆர்.சி.சி.பி. எல்லாம் முறைப்படி செய்து கொண்டால் வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது. வாரிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது. குடி போகும்போது அந்தச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெருக்கமான ரேழி வீடுகளில் முறைப்படி செய்யவே முடியாது என்றால், அந்த வீதிக்குத்தான் முதலில் கம்பத்துப் பிளக் வர வேண்டும்.

இதை எழுதும்போது கீழவாசல் தோழர் இன்னும் சைக்கிள் கடையில்தான் சார்ஜ் போட்டுக் கொண்டிருக்கிறார். அவரைப் போன்றவர்கள் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் என்று எந்த இலாகாவிடமும் கணக்குக் கிடையாது. கணக்கை நாமே எடுத்துவிடுவோம். வாடகை வீட்டில் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் வாங்குகிறார்கள், ஒரே மீட்டரில் எத்தனை குடித்தனம், வண்டி போட அனுமதி உண்டா இல்லையா, வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கரண்ட் சீட்டு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை ஆலைச் சங்க அலுவலகத்திலோ விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலோ கொடுங்கள். பெயர் வெளிவராது. அடுத்த மாத பில் வருவதற்குள் கொடுத்தால், அந்த விவரங்களோடு மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போகச் சௌகரியமாயிருக்கும்.